வெறுங்கையோடு திரும்பும் ரெய்டர்

தொழில்முறைக் கபடி லீகின் எந்த சீசனை எடுத்துக்கொண்டாலும், எதிரணியின் பாதிக்குள் சென்று ஒருவரையும் தொடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்பும் ரெய்டருக்கு அரங்கில் கைதட்டல் கிடைப்பதில்லை. அவர் நேரத்தைக் கடத்துகிறார் என்றோ, தைரியத்தை இழந்துவிட்டார் என்றோ வர்ணனையில் ஒரு வரித் தீர்ப்பு வந்துவிடுகிறது. புள்ளிவிவரத்தில் 'எம்ப்டி ரெய்டு' என்று பதிவாகும் இந்த வெற்று ரெய்டைக் கோழைத்தனமாகப் பார்ப்பதே இன்றைய கபடி ரசனையின் பெரும் பிழை. ஒரு ரெய்டர் வெறுங்கையோடு திரும்பும்போது, தன் அணியின் கார்னர்களும் கவர்களும் அடுத்து வரப்போகும் எதிரணி ரெய்டரைப் பிடித்துவிடுவார்கள் என்று பந்தயம் கட்டுகிறார். ஆகவே அவருடைய ரெய்டின் பலன் அவர் திரும்பிய பிறகுதான், அதுவும் மேட்டின் மறுபாதியில்தான், தெரியவருகிறது.

வெற்று ரெய்டு சும்மா போய்விட்டு வருவது என்ற எண்ணத்தை முதலில் விலக்க வேண்டும். ஆடவர் கபடியில் மேட் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது, நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன் எனப்படும் கோடும், அதிலிருந்து இன்னும் 1 மீட்டர் தள்ளி போனஸ் கோடும் உள்ளன. பாக் லைனை முறையாகக் கடக்காமல் திரும்பும் ரெய்டர் அவுட். ஆகவே புள்ளி எடுக்கும் எண்ணமே இல்லாதவரும் ஏழு பேர் வளைத்து நிற்கும் இடத்துக்குள், 'கபடி, கபடி' என்ற பாட்டை விடாமல், 30 நொடிக்குள் சென்று மீண்டாக வேண்டும். அந்த நேரத்தில் இடது கார்னர் எவ்வளவு முன்னால் வருகிறார், வலது கவரின் பார்வை ரெய்டரின் இடுப்பில் இருக்கிறதா காலில் இருக்கிறதா, சங்கிலியாகக் கைகோத்து நிற்பவர்களில் யார் கையை முதலில் விடுகிறார் என்பவற்றையெல்லாம் ஒரு நல்ல ரெய்டர் மனத்தில் குறித்துக்கொண்டு திரும்புகிறார். அவர் கொண்டுவரும் அந்தச் செய்தி அடுத்து ஏறப்போகும் கூட்டாளிக்குப் பயன்படுகிறது.

இதன் முழுக் கணக்கும் மூன்றாவது ரெய்டில் வெளிப்படுகிறது. ஓர் அணி தொடர்ந்து இரண்டு வெற்று ரெய்டுகளை முடித்துவிட்டால், அதன் அடுத்த ரெய்டு 'டூ ஆர் டை' ஆகிறது, அதாவது புள்ளி எடுக்காமல் திரும்பினாலும் ரெய்டர் அவுட்டாகி, எதிரணிக்கு ஒரு புள்ளி போய்ச் சேர்கிறது. ஆட்டம் தேங்கி நிற்காமலிருக்கக் கொண்டுவரப்பட்ட இந்த விதி, எந்த ஆட்டக்காரரின் தலையில் ஆபத்தை ஏற்றுவது என்று தீர்மானிக்கும் உரிமையைக் கேப்டனிடம் கொடுத்துவிட்டது என்பதைப் பார்வையாளர்கள் பலர் இன்னும் கவனிக்கவில்லை. அவுட்டான ஆட்டக்காரர் தன் அணி தொடுபுள்ளியோ பிடிபுள்ளியோ எடுக்கும்போது, அதுவும் வெளியேறிய வரிசைப்படிதான், மீண்டும் உள்ளே வர முடியும். போனஸ் புள்ளி யாரையும் உயிர்ப்பிப்பதில்லை. ஆகவே முதன்மை ரெய்டர் அவசரப்பட்டுப் பிடிபட்டால் இழப்பு ஒரு புள்ளியோடு முடிவதில்லை. அவர் வெளியே அமர்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அணியின் தாக்குதல் பாதி பலத்தோடுதான் நடக்கிறது. அந்த இழப்பைத் தவிர்க்கவே அவர் இரண்டு முறை வெறுங்கையோடு திரும்புகிறார், மூன்றாவது முறை வேறொருவர் அனுப்பப்படுகிறார்.

அந்த வேறொருவரே இந்த அலசலின் நாயகர். ஒவ்வோர் அணியிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். ரெய்டர்களில் மூன்றாம் இடத்தில் வைத்து எண்ணப்படும் அவர் பெயர் விளம்பரப் பலகைகளில் இடம்பெறுவதில்லை, ஓர் ஆட்டத்தில் பத்து ரெய்டு புள்ளிகள் எடுத்தவருக்குக் கிடைக்கும் 'சூப்பர் டென்' பாராட்டும் அவருக்கு அரிதாகவே கிடைக்கிறது. அவர் எந்த ரெய்டில் வருகிறார், ஏன் வருகிறார் என்பது எதிரணிக்கு முன்கூட்டியே தெரியும். புள்ளி எடுக்காமல் திரும்ப முடியாது என்பதால் அவர் எப்படியும் ஆழமாக இறங்கியே தீர வேண்டும் என்பதும் தெரியும். தடுப்பாட்டக்காரர்களுக்குச் சாதகமான எல்லாமும் கூடியிருக்கும் அந்த 30 நொடிக்குள் அவர் ஒரு கால் வீச்சிலோ, ஓடும் கைத்தொடுதலிலோ ஒருவரைத் தொட்டுத் திரும்பினால், முதன்மை ரெய்டர் திறந்த மேட்டில் எடுக்கும் இரண்டு புள்ளிகளைவிட அது உயர்ந்தது என்றே மதிப்பிட வேண்டும். காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடலை நெய்பவரின் பெயரே வெளியே தெரிந்தாலும், பக்கத்தில் அமர்ந்து கரைக்கான நாடாவைத் தள்ளித் தரும் துணைக்கை தாளம் தவறினால் உடலும் கரையும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளாது. மூன்றாம் ரெய்டரின் இடமும் அத்தகையதே.

வெற்று ரெய்டுகளின் வரிசையில் இன்னொரு நுட்பம் அடங்கியிருக்கிறது. முதலில் ரெய்டு போகும் அணியும் அடுத்துப் போகும் அணியும் மாறிமாறி வெறுங்கையோடு திரும்பினால், டூ ஆர் டை முதலில் ஏறிய அணிக்கே முதலில் வருகிறது. அந்த ரெய்டில் அதன் ரெய்டர் பிடிபட்டால், அடுத்த கணமே தன் டூ ஆர் டைக்கு இறங்கும் மறு அணி ஏழு பேருக்குப் பதிலாக ஆறு பேரைத்தான் எதிர்கொள்ள வேண்டியிருக்கும். ஆறு பேர் நிற்கும்வரை போனஸ் புள்ளியும் திறந்தே இருக்கிறது. பின்னால் வருபவருக்கு ஆள் குறைவு, போனஸ் வாய்ப்பு என்ற இரண்டு சலுகைகளும் சேர்ந்து கிடைப்பதால், தடுப்பாட்டம் வலுவாக உள்ள அணிக்கு இந்த வரிசையில் இரண்டாவதாக இருப்பதே லாபம். முதலில் ஏறிய அணி இடையில் ஒரே ஒரு போனஸ் புள்ளி எடுத்தாலும் அதன் வெற்று ரெய்டு எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பி, டூ ஆர் டையின் சுமை எதிரணியின் தலைக்கு மாறிவிடுகிறது. ஆட்டத்தின் தொடக்கத்தில் ஒரு போனஸை மட்டும் எடுத்துவிட்டு, அதன்பின் இரண்டு முறை ஒன்றும் செய்யாமல் திரும்பும் ரெய்டரைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள், அவர் இந்த வரிசையை மாற்றிவிட்டு வந்திருக்கிறார் என்பதை அறிவதில்லை.

எதிரணியில் மூன்று பேரே மிஞ்சியிருக்கும் நேரத்தில்தான் அரங்கின் பொறுமையின்மை உச்சத்துக்குப் போகிறது. மூன்று பேரைக்கூடத் தொட முடியாதா என்ற கேள்வி எழுகிறது. மூன்று அல்லது அதற்குக் குறைவான தடுப்பாட்டக்காரர்கள் ரெய்டரைப் பிடித்தால் அது சூப்பர் டேக்கிள், அதற்கு இரண்டு புள்ளிகள். ஒருவரைத் தொட்டால் ரெய்டருக்குக் கிடைப்பது ஒன்று, பிடிபட்டால் எதிரணிக்குப் போவது இரண்டு என்ற நிலையில், மூன்றில் இரண்டு முறைக்கு மேல் வெற்றிபெறக்கூடிய ரெய்டருக்கே அந்த முயற்சி அந்தக் கணத்தின் கணக்கில் லாபம் தரும். அத்தகையவர் லீகில் மிகச் சிலரே. மறுபுறம், மூன்று பேரோடு ஆடும் எதிரணியும் தன் முறை வரும்போது ஒருவரை ரெய்டுக்கு அனுப்பியாக வேண்டும். அவரைப் பிடித்தால் அங்கே இரண்டு பேரே மிஞ்சுவார்கள், ஒரு புள்ளியும் சேரும். ஒரே ஒருவர் மிஞ்சும்போது கணக்கு தலைகீழாகிறது. அவரைத் தொட்டால் தொடுபுள்ளியோடு ஆல்-அவுட்டுக்கான கூடுதல் இரண்டு புள்ளிகளும் சேர்ந்து மூன்று வருவதால், அப்போது மட்டும் துணிந்து இறங்குவதே நியாயம். மூன்று பேர் நிற்கும்போது காத்திருப்பதும், ஒருவர் நிற்கும்போது பாய்வதும் தெரிந்த கேப்டனே தேர்ந்த கேப்டன்.

ரசிகர்களின் மனக்குறைக்கு அடிப்படையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2024 வரையிலான சீசன்களில் வெற்றிக்கு ஐந்து, சமநிலைக்கு மூன்று என்றும், ஏழு அல்லது அதற்குக் குறைவான வித்தியாசத்தில் தோற்றால் ஒன்று என்றும் பட்டியல் புள்ளிகள் வழங்கப்பட்டன. தோல்வி உறுதியான அணிகள் அந்த ஒற்றைப் புள்ளியைக் காக்கக் கடைசி நிமிடங்களை வெற்று ரெய்டுகளால் நிரப்பியபோது பணம் கொடுத்து வந்தவர்களுக்குச் சலிப்பு ஏற்பட்டது இயல்பே. 2025 சீசனில் வெற்றிக்கு இரண்டு, தோல்விக்கு ஒன்றுமில்லை என்று முறை மாற்றப்பட்டு, லீக் சுற்றிலும் சமநிலை ஆட்டங்களுக்கு டைபிரேக்கர் கொண்டுவரப்பட்டதால் அந்த வகை வெற்று ரெய்டுக்கு இனி இடமில்லை. அது போனது நல்லதே. இங்கே பேசப்படும் வெற்று ரெய்டு வெற்றிக்காக ஆடப்படுவது.

பிளே-ஆஃப் வரும்போது இந்தத் தீர்மானங்களின் எடை பலமடங்காகிறது. வட அமெரிக்காவின் தொழில்முறைப் பனி ஹாக்கி லீகில் பிளே-ஆஃபின் ஒவ்வொரு சுற்றும் ஏழு ஆட்டத் தொடராக நடப்பதால், நான்கு வெற்றி தேவைப்படும் அந்தத் தொடரில் ஓர் இரவின் தவறை மறு இரவில் சரிசெய்துகொள்ள முடியும். கபடி லீகின் நாக்-அவுட்டில் அந்த வசதி இல்லை. ஒரே இரவின் 40 நிமிடங்களில், ரெய்டுகள் அனைத்தும் முழு 30 நொடி நீடித்தால் ஓர் அணிக்குக் கிடைப்பது 40 ரெய்டுகளே, அவற்றில் முதன்மை ரெய்டர் வெளியே அமர்ந்து கழிக்கும் ரெய்டுகள் எத்தனை என்பதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. சமநிலையில் முடிந்தால் வரும் டைபிரேக்கரில் ஒவ்வோர் அணியும் ஐந்து ரெய்டுகளுக்கு ஐந்து வெவ்வேறு ஆட்களை அனுப்ப வேண்டும். சீசன் முழுவதும் ஒரே ஒருவரின் தோளில் ஏறிப் பயணம் செய்த அணி அந்த ஐந்தாவது பெயரைத் தேடும்போதுதான் தன் பலவீனத்தை உணர்கிறது. லீகுக்கு வெளியேயும் இதற்குச் சான்று உண்டு. 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டின் ஆடவர் இறுதியாட்டம் நெடுநேரம் நின்றுபோய் விதிப்புத்தகத்தைப் புரட்ட வைத்தது ஒரு டூ ஆர் டை ரெய்டில்தான். யாரையும் தொடாமல் லாபி எனப்படும் பக்கப் பட்டைக்குள் ரெய்டர் சென்றால் அவரைத் தொடர்ந்து வந்தவர்களும் அவுட்டா என்ற கேள்வியே அங்கே வாதமாயிற்று. தங்கப் பதக்கத்தின் திசையை மாற்றக்கூடிய கட்டம் ஒரு மூன்றாவது ரெய்டில் வந்து நின்றது என்பதைக் கபடியை நேசிப்பவர்கள் மறக்கக் கூடாது.

இனி வரும் சீசன்களில் மூன்று மாற்றங்களை எதிர்பார்க்கலாம். டாஸில் வெல்லும் கேப்டன்கள் முதல் ரெய்டை விட்டுக்கொடுத்துப் பக்கத்தைத் தேர்வது அதிகரிக்கும். இரண்டாம் பாதியில் முதல் ரெய்டு மறு அணிக்கு மாறுவதால், தங்களுக்கு அந்தச் சாதகம் எந்தப் பாதியில் கூடுதலாகத் தேவை என்பதைப் பயிற்சியாளர்கள் முன்கூட்டியே கணக்கிடுவார்கள். ஏலத்தில் முதன்மை ரெய்டருக்கு 2023-இல் இரண்டரைக் கோடி ரூபாய்க்கு மேல் போன விலை இனி அதே வேகத்தில் ஏறாது. 2018 ஏலத்தில் முதன்முதலாக ஒரு கோடியைத் தொட்டவர் ஒரு ரெய்டராக இல்லாமல் இடது கார்னரில் நின்ற வெளிநாட்டுத் தடுப்பாட்டக்காரராக இருந்தார் என்பதை நினைவில் வைத்திருக்கும் நிர்வாகங்கள், பணத்தைக் கார்னர் இணைக்கும் மூன்றாம் ரெய்டருக்கும் பிரித்துக் கொடுக்கத் தொடங்கும். லீகில் 2017-இல் நுழைந்து, 2022-இல்தான் முதன்முறையாகப் பிளே-ஆஃப் கண்ட தமிழகத்தின் அணி அந்தப் பாதையில் முதலில் நடந்தால், அடுத்த சில சீசன்களுக்குள் அதன் கையில் கோப்பை இருக்கும். இந்தக் கணிப்பில் மாநிலப் பாசமும் கலந்திருக்கிறது, ஆனால் அதன் அடிப்படை மேற்சொன்ன கணக்கே.

அந்த மூன்றாம் ரெய்டர் உருவாகும் இடம் ஏலக்கூடம் அன்று. காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வரும் தாமல் போன்ற ஏரிக்கரை ஊர்களிலும், தறியை நிறுத்திவிட்டு மாலையில் மண்தரையில் இறங்கும் இளைஞர்களிடமும்தான் சடுகுடுவின் உயிர் இன்னும் இருக்கிறது. கடிகாரம் இல்லாத அந்தப் பழைய ஆட்டத்தில் மூச்சே நேரக்கணக்காக இருந்ததால், வெறுங்கையோடு திரும்புவது அங்கே இழிவாகக் கருதப்பட்டதில்லை. பொங்கலையொட்டி ஊர்ப் போட்டிகள் நடத்துவோர் சிறந்த ரெய்டர், சிறந்த கேட்சர் என்று இரண்டு கோப்பைகளை மேடையில் வைப்பது வழக்கம். மாநில விளையாட்டான கபடியில் அடுத்த தலைமுறை ரெய்டர்களைத் தமிழகமே தர வேண்டுமென்று விரும்பும் போட்டி அமைப்பாளர்கள், வரும் பொங்கலிலேயே டூ ஆர் டை ரெய்டுகளில் அதிகப் புள்ளி எடுத்தவருக்கு மூன்றாவதாக ஒரு கோப்பையைச் சேர்க்க வேண்டும். ஸ்கோர் எழுதும் நோட்டில் அதற்காகத் தனியே ஒரு பத்தியும் போட வேண்டும்.