இல்லாததும் பூஜ்யமும்

நங்கநல்லூர் அடுக்ககம் ஒன்றின் பராமரிப்பு ரசீதை ஜாங்கோ என்ற பைத்தான் வலைக் கட்டமைப்பின் டெம்ப்ளேட்டில் அச்சிடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டுக்குப் ‘பாக்கி’ என்ற மதிப்பே வந்து சேரவில்லை. பாக்கி வரியைச் சுற்றியுள்ள இஃப் டேக் அதை ‘நன்’, அதாவது ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டு அந்த வரியை மட்டும் விட்டுவிடும். மற்றவை ஒழுங்காக அச்சாகும். எனக்கு மிகவும் பிடித்த பண்பு இது. ஜின்ஜா என்ற மற்றொரு டெம்ப்ளேட் மொழியும் இயல்பில் அப்படித்தான். ஆனால் அதில் ‘ஸ்ட்ரிக்ட் அன்டிஃபைன்ட்’ என்று அமைத்தால் பிழை சொல்லி நின்றுவிடும். பணக் கணக்குக்கு அந்தக் கண்டிப்பே நல்லது.

ஆனால் பாக்கி 0 என்றாலும் இஃப் அதைப் பொய்யென்றே கொள்ளும். முழுதும் கட்டியவரும் கணக்கே வராதவரும் ஒன்றாகிவிடுவார்கள்! இங்கேதான் ஜின்ஜாவின் ‘இஸ் டிஃபைன்ட்’ அழகு: பெயர் இருக்கிறதா என்று மட்டும் கேட்கும். ஜாங்கோவில் 1.10 பதிப்பிலிருந்து ‘இஸ் நாட் நன்’ என்று எழுதலாம். 0 உள்ளே வரும், இல்லாதது வராது.