எஃகு எழுகோணமும் நிழற்படமும்

ஒரு பொருளைக் கண்டோம் என்பதற்கும் அப்பொருளின் படத்தைக் கண்டோம் என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நம் காலத்தார் மெல்ல மெல்ல மறந்து வருகின்றனர். கையகலக் கருவியொன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் குடியேறிய பின், காண்பதற்கு முன்னரே படம் எடுத்துவிடும் வழக்கம் பரவிவிட்டது. இதனைக் குறை கூறுவது எளிது. வயதில் மூத்தோர் பலரும் கூறியும் வருகின்றனர். நாம் குறை கூறப் புகவில்லை. ஒரு பெருஞ்சிற்பத்தை முன்வைத்து, படம் எதனைக் கொண்டுவருகிறது, எதனை விட்டுவிட்டு வருகிறது என்பதை ஆராயவே இதனை எழுதுகின்றோம்.

நம்மிடம் அரபு இலக்கணம் பயின்ற மாணவர் ஒருவர், பிழைப்பை நாடிக் கத்தாரின் தலைநகராகிய தோஹாவுக்குச் சென்றார். விடுமுறை நாளொன்றில் அங்குள்ள இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தின் பூங்காவுக்குச் சென்றவர், கடலோரத்தில் நிற்கும் எஃகுக் கோபுரம் ஒன்றைக் கண்டு வியந்து, ஊரிலிருக்கும் தாயாருக்கு மூன்று படங்கள் அனுப்பினார். "காக்கா அனுப்பிய படம், ஹஜ்ரத்" என்று அவருடைய தம்பி கைப்பேசியுடன் நம்மிடம் வந்தார். உடன் தாயாரும் வந்திருந்தார்.

முதற் படத்தில் மாணவரின் முகம் தெளிவாக இருந்தது. பின்னே துருநிறத்தில் ஒரு சுவர். அது கோபுரமா, கிட்டங்கியின் கதவா என்று சொல்ல இயலாது. இரண்டாம் படத்தில் கோபுரம் அடி முதல் நுனி வரை முழுமையாக நின்றது. அதன் காலடியில் எறும்பளவு ஓர் உருவம். விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தபோது முகம் புள்ளிகளாகச் சிதறிப் போயிற்று. மூன்றாம் படம் விளையாட்டு: மாணவர் முன்னே நின்று கையை நீட்டியிருக்க, தொலைவில் நிற்கும் கோபுரம் அவருடைய இரு விரல்களுக்கிடையே பிடிபட்டதுபோல் தோன்றியது.

இரண்டாம் படமே சிறந்தது என்று நாம் சொன்னோம். தாயார் அதனை ஒப்பவில்லை. முதற் படத்திலேயே அவர் கண் நின்றது. "கோபுரம் அங்கேயேதான் நிற்கும் ஹஜ்ரத், பிள்ளையல்லவா மெலிந்து போயிருக்கிறான்" என்றார். இந்த ஒரு சொல், நம் தீர்ப்பை மீண்டும் எண்ணிப் பார்க்கச் செய்தது.

இனி அச்சிற்பம் யாதென்று கூறுவோம். 'ஏழு' என்பதே அதன் பெயர். அமெரிக்கச் சிற்பியான ரிச்சர்ட் செர்ரா ஆக்கி, 2011ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. 1938இல் பிறந்த செர்ரா 2024இல் மறைந்தார். பெரும் எஃகுத் தகடுகளைத் தம் முதன்மை ஊடகமாகக் கொண்டவர் அவர். ஏழு தகடுகள் எழுகோண வடிவில் ஒன்றையொன்று தாங்கி 80 அடி, அதாவது ஏறத்தாழ 24 மீட்டர் உயரத்திற்கு எழுகின்றன. பூச்சு ஏதும் இல்லை; காற்றும் மழையும் பட்டுத் தன்மேல் படியும் துருவே தனக்குக் காப்பாக அமையும் எஃகு அது. அருங்காட்சியகக் கட்டடத்தை வரைந்தவர் ஐ. எம். பெய். கெய்ரோவில் உள்ள இப்னு தூலூன் பள்ளிவாசலின் உளூச் செய்யும் மண்டபத்தைக் கண்டு அதன் எளிய வடிவ ஒழுங்கில் மனம் பறிகொடுத்து, அந்நெறியிலேயே 2008இல் திறக்கப்பட்ட இக்கட்டடத்தை அமைத்தார். பூங்காவில் சிற்பம் அமைக்குமாறு செர்ராவைத் தூண்டியவரும் அவரே.

செர்ரா பல நாட்டு மினாராக்களை ஆராய்ந்து, ஆப்கானிஸ்தானத்துக் கஸ்னி நகரின் மினாராவைத் தமக்கு வழிகாட்டியாகக் கொண்டார். கஸ்னியில் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மினாராக்கள் மேற்பகுதியை இழந்து இன்றும் நிற்கின்றன. அவை உருண்டையானவை அல்ல. விண்மீன் வடிவ அடித்தளத்தின்மேல் பட்டை பட்டையாக எழுபவை. வளைவை விடுத்துத் தளங்களால் உயரும் அந்த நெறியே செர்ராவை ஈர்த்தது.

எண்ணைத் தேர்ந்ததிலும் ஒரு வரலாறு உண்டு. எழுகோணத்தை அரபியில் 'முஸப்பஃ' என்பர். ஒரு வட்டத்தை ஏழு சமபங்காக்க முனைவோருக்கு அதன் இடர்ப்பாடு விளங்கும். 360 பாகையை ஏழால் வகுத்தால் 51 பாகையும் மிச்சமாக மூன்றில் ஏழு பங்கல்ல, ஏழில் மூன்று பங்கும் வரும். அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு சரியான எழுகோணத்தை வரையவே முடியாதென்பது 19ஆம் நூற்றாண்டில் நிறுவப்பட்டது. ஆயினும் அதற்கு ஏறத்தாழ தொள்ளாயிரம் ஆண்டுகட்கு முன்பே, ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் அபூ ஸஹ்ல் அல்கூஹீ என்னும் அறிஞர், கூம்பு வெட்டு வளைவுகளின் துணைகொண்டு அதனை அமைத்துக் காட்டினார். அவர் பெயரைச் செர்ரா தம் சிற்பம் பற்றிய பேச்சில் நினைவுகூர்ந்தார். நம்மவர் பலருக்குத் தெரியாத ஒரு பெயரை அயலார் ஒருவர் எஃகில் நினைவூட்ட வேண்டியிருந்தது எண்ணத்தக்கது.

அல்கூஹீக்குப் பின் எழுகோணத்தைப் பற்றித் தனி நூல் எழுதியோருள் இப்னுல் ஹைதமும் ஒருவர். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த அப்பேரறிஞரை உலகம் 'கிதாபுல் மனாளிர்' என்னும் ஒளிநூலுக்காகவே அறியும். இருட்டறையின் சிறு துளை வழியே புகும் ஒளி எதிர்ச்சுவரில் எவ்வாறு உருக்கொள்கிறது என்பதை ஆராய்ந்தவர் அவர். கிரகணம் பற்றிய தனி நூலுக்கு அவர் இட்ட பெயரில் 'ஸூரத்' என்னும் சொல் உள்ளது. வடிவம் என்பது அதன் பொருள். இன்றைய அரபியில் நிழற்படத்திற்கும் அதுவே பெயர். பாரசீகர் நிழற்படத்தை 'அக்ஸ்' என்பர். தலைகீழாதல், எதிரொளித்தல் என்பது அதன் அரபு வேர்ப்பொருள். இருட்டறையில் விழும் உரு தலைகீழாகவே விழுமாதலின் அப்பெயரும் பொருத்தமுடையதே. எழுகோணத்தையும் இருட்டறையையும் ஒருங்கே ஆராய்ந்த ஒருவர் நம் மரபில் இருந்திருக்க, எழுகோணச் சிற்பத்தை நிழற்படம் எடுக்கும் வினாவில் அவரைத் துணைக்கு அழைப்பது முறையன்றோ?

ஒரு பொருளின் பருமையைக் கண் எவ்வாறு அறிகிறது என்னும் வினாவுக்கு இப்னுல் ஹைதம் கூறும் விடை நுட்பமானது. பொருள் கண்ணில் அமைக்கும் கோணத்தை மட்டும் கொண்டு நாம் பருமையை அறிவதில்லை. கோணத்தோடு தொலைவையும் சேர்த்தே அறிகின்றோம். அத்தொலைவையோ, நமக்கும் பொருளுக்கும் இடையே தொடர்ந்து கிடக்கும் நிலத்தைக் கொண்டு அறிகின்றோம். காலால் நடந்து பழகிய நிலமே கண்ணுக்கு அளவுகோல் ஆகிறது.

இதனை உரைகல்லாகக் கொண்டு மாணவரின் படங்களை உரைத்துப் பார்ப்போம். மூன்றாம் படத்தில் விரல்களுக்கிடையே கோபுரம் அடங்கியது எவ்வாறு? கருவி கோணத்தை மட்டும் பதித்தது, இடைநிலத்தை மறைத்துவிட்டது. கருவிக்கு இரண்டு மீட்டரில் நிற்கும் ஆளும், முப்பது மீட்டரில் நிற்கும் கோபுரமும் ஏறக்குறைய ஒரே உயரமாய்ப் பதிவாகும். ஆகவே இப்படம் வெறும் குறும்பன்று. எல்லாப் படங்களும் மறைவில் செய்வதை அது வெளிப்படையாகச் செய்கிறது. இவ்வகையில் மூன்றனுள் நேர்மையானது இதுவே எனலாம்.

இரண்டாம் படம் கோபுரம் முழுவதையும் காட்டியது. ஆனால் எவ்விலை கொடுத்து? கோபுரத்தின் உயரத்துக்குச் சமமான தொலைவு விலகி நின்றாலும் அதன் நுனி 45 பாகை மேலே நிற்கும். கருவியை மேல்நோக்கிச் சாய்த்தாலன்றி நுனி உள்ளே வராது. சாய்த்தாலோ நேராக எழும் விளிம்புகள் மேலே செல்லச் செல்ல நெருங்கிக் கோபுரம் பின்புறம் சரிவதுபோல் தோன்றும். காலடியில் நிற்கும் மனிதனோ கோபுர உயரத்தில் பதினான்கில் ஒரு பங்கு. அவன் அளவுகோலாக நிற்கிறானேயன்றி மனிதனாக நிற்கவில்லை. அருங்காட்சியக வெளியீடுகளில் பெருஞ்சிற்பங்களின் அருகே பெயரற்ற ஒருவரை நிறுத்திப் படமெடுக்கும் வழக்கத்தை வாசகர் கண்டிருப்பர். நம் மாணவர் தம்மையறியாமலே அந்தப் பெயரற்றவராகிவிட்டார். தாயார் அப்படத்தை ஏன் ஏற்கவில்லை என்பது இப்பொழுது விளங்குகிறது.

செர்ரா இருந்திருந்தால் மூன்றையுமே ஏற்றிருக்க மாட்டார். தம் சிற்பம் நடந்து சுற்றிக் காணற்குரியது என்பதும், நின்ற இடத்தோடு பிணைந்தது என்பதும் அவர் கொள்கை. நியூயார்க் நகரின் அரசு அலுவலகச் சதுக்கத்தில் 1981இல் அவர் நிறுவிய 120 அடி நீளச் சாய்ந்த எஃகுச் சுவரைப் பணியாளர் பலர் வெறுத்தனர், வழக்கு நடந்தது, வேறிடத்துக்குப் பெயர்க்கலாம் என்றனர். இடம் பெயர்ப்பது அழிப்பதே என்று அவர் வாதிட்டுத் தோற்றார். 1989இல் அது வெட்டி அகற்றப்பட்டது. அக்கொள்கைப்படி பார்த்தால் படம் எடுப்பதும் ஒருவகைப் பெயர்ப்பே. இடத்தை விட்டுவிட்டுத் தோற்றத்தை மட்டும் தூக்கிச் செல்வதுதானே படம்!

எனினும் இக்கொள்கையை நாம் முழுதும் ஒப்புவதற்கில்லை. தோஹாவுக்குச் சென்று சுற்றி நடக்க வாய்த்தோர் எத்தனை பேர்? மகன் கண்டதைத் தானும் காண விரும்பும் தாய்க்குப் படமன்றி வேறு வழி ஏது? இடத்தோடு பிணைந்தது கலை என்று கூறும் உரிமை, இடத்தைவிட்டுப் பெயர நேர்ந்த மனிதனுக்கு முன்னே சற்றுத் தாழ்ந்தே ஒலிக்க வேண்டும்.

உருவப்படம் பற்றிய சட்ட வினாவை வாசகர் எழுப்பலாம். ஆதலின் சுருங்கச் சொல்வோம். நிழல் விழும் உயிருருவச் சிலைகளைச் சட்ட நூலோர் விலக்கினர். மரம், மலை முதலிய உயிரற்றவற்றின் உருவை அனுமதித்தனர். 'ஏழு' எந்த உயிரின் உருவும் அன்று. ஆகவே நீண்ட நிழல் விழுத்தி நின்றும் அதன்மேல் வினா எழவில்லை. அதன் முன்னே நிற்கும் மனிதனின் படத்தின் மீதே வினா எழுந்தது. எகிப்தின் முஃப்தியாயிருந்த முஹம்மது பகீத் அல்முதீஈ, நிழற்படம் என்பது நிழலைத் தடுத்து நிறுத்துவதேயன்றிப் படைத்தல் ஆகாது என்று தனி நூல் எழுதி அனுமதித்தார், மறுத்தோரும் உளர். நாம் நெடுங்காலம் மறுத்தோர் பக்கம் நின்றோம்; கடவுச்சீட்டுக்கு அன்றிப் படம் எடுத்துக்கொண்டதில்லை.

பின்னர் அம்மாணவரின் அழைப்பின்பேரில் தோஹா செல்லும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. மாலை வேளையில் பூங்காவுக்குச் சென்றோம். விரிகுடாவினுள் நீளும் மேடையின் முனையில் அது நின்றது. தொலைவில் மெலிந்த கம்பமாய்த் தோன்றியது, நடக்க நடக்க அகன்றது. ஒரு பக்கம் நின்றால் இரு தகடுகள் ஒளியிலும் ஒன்று நிழலிலும் இருந்தன. பத்தடி நகர்ந்தால் கணக்கு மாறிற்று. ஏழையும் ஒருங்கே காண எவ்விடத்தும் இயலவில்லை. நடந்து எண்ணியே ஏழென்று தெளிந்தோம். படம் ஒரு நிலையை மட்டுமே தரவல்லது என்பதை நம் கால்கள் அங்கே கற்றன.

இதனை 'இக்கால மினாரா' என்று சிலர் எழுதுவதும் பேசுவதும் உண்டு. நாம் அதற்கு உடன்படோம். மினாரா குரலால் வாழ்வது. இதிலிருந்து எவரும் அழைப்பதில்லை. ஏழு வானங்களையும் ஏழு சுற்றுத் தவாஃபையும் கூறி இதற்குப் புனிதம் ஏற்றுவதும் வேண்டாத வேலை. ஒரு கலைஞர் நம் மரபின் வடிவ அறிவை மதித்துக் கற்றார். கற்றதைத் தம் வழியில் ஆக்கினார். அவ்வளவே, அதுவே பெரிது.

திறப்பின் வழியே உள்ளே புகுந்து அண்ணாந்து பார்த்தோம். இருண்ட எஃகுச் சுவர்களின் உச்சியில் வானம் ஓர் எழுகோணமாய் ஒளிர்ந்தது. மாணவர் கைப்பேசியைத் தலைக்குமேல் மல்லாத்திப் பிடித்து அதனைப் பதிந்தார். அப்படத்தில் கோபுரமும் இல்லை, மனிதனும் இல்லை. இருட்டும் ஏழு பக்க ஒளியும் மட்டுமே. இப்னுல் ஹைதமின் இரு நூல்களும் அவ்வொரு படத்தில் சந்தித்தன என்று கருதினோம். சிற்பத்தின் படம் என்ற வகையில் நாம் கண்டவற்றுள் அதற்கே முதலிடம் தருவோம். ஏனெனில் அது முழுமையைக் காட்டுவதாகப் பாசாங்கு செய்யவில்லை. நின்று பார்த்த ஓரிடத்தை மட்டும் உண்மையாய்ச் சொல்கிறது.

ஆனால் ஊருக்கு அப்படத்தை மட்டும் கொண்டு செல்ல நமக்கு மனம் வரவில்லை. கைப்பேசியை வாங்கி, வாழ்நாளில் முதன்முறையாக நாமே ஒரு படம் எடுத்தோம். மாணவரை மேடையில் நாலடி முன்னே வரச் சொல்லி, முகத்தையே குறிவைத்தோம். கோபுரம் பாதியோடு நின்றுவிட்டது. கீழ் மூலையில் நம் விரல் விழுந்திருந்தது. இடைநிலம் மட்டும் சற்றுத் தெரிந்தது. மேலே நாம் வகுத்த அளவையெல்லாம் கொண்டு பார்த்தால் தள்ளத்தக்க படமே.

ஊர் திரும்பியதும் தாயாரிடம் இரண்டையும் காட்டினோம். வானத்து எழுகோணத்தைப் பார்த்து, "இது கிணறா ஹஜ்ரத்?" என்று கேட்டார். விளக்கினோம், பொறுமையோடு கேட்டுக்கொண்டார். பிறகு மற்றப் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்திருந்து, "முன்னைக்கு இப்போது கொஞ்சம் தேறியிருக்கிறான்" என்றார். நம் விரல் விழுந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை.