அந்நியமாதலும் அதன் நிழலும்: ‘லெயின்’ சித்திரத் தொடர் பற்றிய கருத்துக்கள் மீது ஒரு நோக்கு

1

1998ஆம் ஆண்டு யூலை 6ஆம் திகதி முதல் செப்ரெம்பர் 28ஆம் திகதி வரை, யப்பானின் ரீவி ரோக்கியோ நிறுவனம் 13 பாகங்கள் கொண்ட சித்திரத் தொடரொன்றைப் பின்னிரவு வேளையில் ஒளிபரப்பியது. ‘சீரியல் எக்ஸ்பெரிமென்ற்ஸ் லெயின்’ என்பது அதன் பெயர். றியூதாரோ நாக்கமுரா நெறிப்படுத்த, சியாக்கி கொனாக்கா எழுத்துப் பிரதியை ஆக்கினார். பாத்திரங்களின் உருவமைப்பு யொஷிதோஷி அபேயினுடையது. தயாரிப்பாளர் யசுயுக்கி உவெடா. பொழுதுபோக்குச் சரக்காகச் சந்தைக்கு வந்த இத்தொடர், இன்று உலகின் பல பாகங்களிலும் ‘தத்துவப் படைப்பு’ எனப் போற்றப்படுகின்றது. அப்போற்றுதலை எவ்வாறு மதிப்பிடுவது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

தொடர் பற்றிய கருத்துக்களை இரு வகைப்படுத்தலாம். முதலாவது சாரார், இணையம் மனித வாழ்வை ஆட்கொள்ளப்போவதை முன்கூட்டியே உரைத்த தீர்க்கதரிசனமாக இதனைக் காண்பர், ‘நான் யார்?’, ‘மெய்ம்மை எது?’ என்னும் வினாக்களின் ஆழத்தை வியப்பர். இரண்டாவது சாரார் முற்போக்கு முகாமைச் சார்ந்தோர். இருளும் விரக்தியும் மண்டிய இத்தகைய படைப்புக்கள் இளைஞரைச் செயலற்றோராக்கும் நசிவுக் கலையே என இவர்கள் ஒதுக்கிவிடுவர். முதலாவது கருத்து படைப்பைச் சமூகத்திலிருந்து பிரித்தெடுக்கின்றது. இரண்டாவது, சமூகத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே படைப்பைப் பாராமல் விடுகின்றது. இரண்டுமே எமக்குப் போதியன அல்ல.

2

தொடரின் கதை சுருக்கமாகக் கூறத்தக்கது. லெயின் இவக்குரா பேச்சுக் குறைந்த பதினான்கு வயதுப் பாடசாலை மாணவி. உயர்ந்த கட்டடமொன்றிலிருந்து குதித்து இறந்த சிசா என்னும் மாணவியிடமிருந்து அவளுக்குக் கணனி வழியே மடலொன்று வருகின்றது. உடலை மட்டுமே தான் துறந்ததாகவும், ‘வயர்ட்’ எனப்படும் வலையுலகில் தான் வாழ்வதாகவும், கடவுள் அங்கே இருப்பதாகவும் இறந்தவள் எழுதுகின்றாள். லெயின் அவ்வுலகினுள் ஈர்க்கப்படுகின்றாள். அங்கே கடவுளாக வீற்றிருப்பவன் மசாமி எயிரி. தச்சிபனா ஆய்வுகூடத்தில் பணியாற்றியபோது, வலையுலகின் தொடர்பு விதிமுறையினுள் தன் நினைவைப் புகுத்திவிட்டு உயிர்நீத்தவன் அவன். உடல் இனித் தேவையற்றது, மனித உள்ளங்கள் யாவும் கருவியின் உதவியின்றியே ஒன்றாகும் என்பது அவன் போதனை.

இக்கதை எழுந்த காலச் சூழல் மனங்கொள்ளத்தக்கது. யப்பானியப் பொருளாதாரத்தின் ஊதிப்பெருத்த செழிப்பு 1990களின் தொடக்கத்தில் வெடித்துச் சரிந்தது. 1995 மார்ச் 20ஆம் திகதி, ஓம் ஷின்றிக்யோ என்னும் மதக்குழு ரோக்கியோவின் சுரங்கப் புகையிரதங்களில் சரின் நச்சுவாயுவைப் பரப்பியது. அக்குழுவின் முன்னணியில் பௌதிகமும் மருத்துவமும் கற்றோர் இருந்தமை அந்நாட்டையே அதிர வைத்தது. 1997 நவம்பரில் யமாயிச்சி என்னும் பெரும் பங்கு வணிக நிறுவனம் வீழ்ந்தது. பொலிஸ் கணக்கின்படி 1997இல் 24,391 ஆக இருந்த தற்கொலைகள் 1998இல் 32,863 ஆக உயர்ந்தன. ஆயுட்காலத் தொழில், கட்டுக்கோப்பான குடும்பம், கல்வியினால் வரும் உயர்ச்சி ஆகிய மூன்று நம்பிக்கைகளும் ஒருங்கே ஆட்டங்கண்ட வேளை அது. விஞ்ஞானம் கற்றோர் கடவுளைத் தேடுவதும், மாணவியொருத்தியின் தற்கொலையுடன் கதை தொடங்குவதும் ஆசிரியரின் தனிப்பட்ட மனப்பிராந்தியின் விளைவுகளாகக் கொள்ளத்தக்கன அல்ல.

லெயினின் குடும்பத்தையே நோக்குக. ஒரே மேசையில் அமர்ந்து உண்போர் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. பிற்பகுதியில், அவர்கள் அவளுடைய உண்மையான பெற்றோர் அல்லர், அப்பாத்திரங்களை ஏற்குமாறு அமர்த்தப்பட்டோர் என்பது வெளியாகின்றது. பணி முடிந்ததும் தந்தை விடைபெற்றுச் செல்கின்றார். முதலாளித்துவம் குடும்ப உறவின் உணர்ச்சித் திரையைக் கிழித்து அதனைப் பண உறவாக மாற்றிவிடும் என 1848இல் மார்க்சும் எங்கெல்சும் கண்ட உண்மை, இங்கு உருவகமாக அன்றி நேரடிக் கதை நிகழ்வாகவே வந்து நிற்கின்றது.

3

தயாரிப்பாளர் உவெடா கூறிய கருத்தொன்று இவ்விடத்திற் கவனத்திற்குரியது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் யப்பான் ஏற்றுக்கொண்ட அமெரிக்கப் பண்பாட்டிற்கும் விழுமியங்களுக்கும் எதிரான ஒருவகைப் பண்பாட்டுப் போராக இத்தொடரைத் தாம் கருதியதாக அவர் செவ்வியொன்றிற் கூறியுள்ளார். அமெரிக்கர் இதனை யப்பானியரிலிருந்து வேறுபட்ட முறையில் விளங்கிக்கொள்வர், அதன்வழி கருத்து மோதல் பிறக்கும் என்பது அவரது எதிர்பார்ப்பு. ஆயின் அமெரிக்கப் பார்வையாளரும் ஏறத்தாழ யப்பானியரைப் போன்றே தொடரை உணர்ந்துகொண்டமை அவருக்கு ஏமாற்றமளித்தது.

இந்த ஏமாற்றமே தொடர் பற்றிய மிக முக்கியமான விமரிசனக் குறிப்பு என்பேன். தேசியப் பண்பாடு பொருளியல் அடித்தளத்திற்கு அப்பாற்பட்டது என நம்புவோருக்கு இது புதிராகவே தோன்றும். ரோக்கியோவின் புறநகரிலும் கலிபோர்னியாவின் புறநகரிலும் தன் அறைக்குள் தனித்திருந்து திரையை நோக்கும் இளைஞரை ஒரே வகையான உற்பத்தி உறவுகளே உருவாக்கியுள்ளன. மூலதனத்தின் விதிகள் இரு நாட்டிலும் ஒன்றாயிருக்க, அந்நியமாதலின் அனுபவம் மட்டும் எங்ஙனம் வேறுபடும்? உவெடா தொடுத்த போர் தோற்றமைக்குக் காரணம், எதிரியை அவர் நாட்டின் பெயரால் அடையாளங் கண்டமையே.

4

இனி, உருவம் பற்றி ஒரு சொல். வெண்மையில் தோய்ந்த தெருக்கள், செந்நிறக் கறைகள் படிந்த நிழல்கள், இடையறாது இரையும் மின்கம்பிகள், நீண்ட அசைவற்ற காட்சிகள் ஆகியனவே தொடரின் அழகியற் கூறுகள். இவ்வசைவின்மைக்குப் பொருளியல் வரலாறொன்று உண்டு. 1963 சனவரி 1ஆம் திகதி ஒசாமு தெசுகாவின் ‘அஸ்ட்ரோ போய்’ தொடங்கிய நாள் முதல், குறைந்த செலவில் குறைந்த எண்ணிக்கையான சித்திரங்களைக் கொண்டு வாரந்தோறும் தொடர் தயாரிக்கும் முறை நிலைபெற்றது. இடைச்சித்திரம் வரைவோர் சித்திரத்திற்கு இவ்வளவு என்ற கூலிக்கு உழைப்பதும், அவ்வேலையிற் பெரும்பகுதி கொரியா முதலிய நாடுகளுக்கு அனுப்பப்படுவதும் இத்தொழிலின் வழமைகளாயின. சிக்கனத்தின் நிர்ப்பந்தத்தால் வந்த அசைவின்மையைத் தனிமையின் வெளிப்பாடாக மாற்றியமை நாக்கமுராவின் கலைத்திறன் எனலாம். உடலற்ற உலகைப் பாடும் கதை, எண்ணற்ற கைகளின் உழைப்பாலேயே திரைக்கு வந்தது என்பதும் மறத்தலாகாது.

தொடரின் அகத்தே இதற்கிணையான உண்மையொன்று வெளிப்படுகின்றது. பன்னிரண்டாம் பாகத்தில், உடல் தேவையில்லை எனச் சொல்லும் லெயினின் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைக்கின்றாள் தோழி அரிசு. அச்சத்தினால் துடிக்கும் இதயம் அக்கைக்குப் புலனாகின்றது. எயிரியின் போதனை அந்த ஒரு துடிப்பின் முன் நிலைகுலைகின்றது. உடலை இகழ்ந்த அக்கடவுள் இறுதியில் தனக்கோர் உடலைப் படைக்க முயன்று, விகாரமான பிண்டமாகி, லெயினின் அறையிலுள்ள இயந்திரங்களினாலேயே நசுக்கப்படுகின்றான். அவனை வழிபட்ட குழு அழிந்ததும் அவன் வலு குன்றுவதையும் தொடர் காட்டுகின்றது. கடவுள் மனிதரின் படைப்பே என்ற பொருள்முதல்வாத உண்மையைக் கருத்துமுதல்வாதத்தின் மொழியிலேயே இத்தொடர் சொல்லிவிடுகின்றது. நசிவுக் கலை என இதனை ஒதுக்குவோர் இவ்விடத்தைக் காணத் தவறுகின்றனர்.

5

எனினும் தொடரின் எல்லை தெளிவானது. தன்னால் விளைந்த துன்பத்தை நீக்குவதற்கு லெயின் தேரும் வழி, எல்லோருடைய நினைவிலிருந்தும் தன்னை அழித்துக்கொள்வதாகும். சிசா மீண்டும் உயிருடன் உலவுகின்றாள். அரிசு வளர்ந்து பெரியவளாகின்றாள். ஆனால் சிசாவை மாடியின் விளிம்புக்குத் தள்ளிய உலகம் மாறவில்லை. தச்சிபனா ஆய்வுகூடம் யாருடைய உடைமை, அதன் இலாபம் எவருக்கு என்னும் வினாக்கள் எழவேயில்லை. ஒருகணம் மட்டும் அவ்வுண்மை தலைகாட்டுகின்றது: நிறுவனத்திற்காகக் கொலை செய்த கறுப்பு உடையினர் இருவர், வேலை முடிந்ததும் பணம் கொடுத்துக் கழிக்கப்பட்டு, பின் மடிகின்றனர். தொடர் அங்கே தாமதிப்பதில்லை.

இதே குழுவினரான உவெடா, கொனாக்கா, அபே ஆகியோர் 2003இல் பங்கேற்ற ‘டெக்னொலைஸ்’ என்ற 22 பாகத் தொடரை இதனோடு ஒப்பிடலாம். அங்கே நிலத்தடி நகரும், அதிகாரத்திற்காக மோதும் கூட்டங்களும், இழந்த கைகால்களுக்குப் பதிலாக இயந்திர உறுப்பைப் பெறும் குத்துச்சண்டை வீரனும் உண்டு. சமூக முரண்பாடு கண்முன்னே நிற்கின்றது. ஆயின் அதனை மாற்றவல்ல சக்தி எதுவும் இல்லாமையால், முடிவு நகரத்தின் பேரழிவாகின்றது. தனிமனுஷியின் தியாகத்தில் தொடங்கிய பாதை சகலரின் மரணத்தில் வந்து முடிகின்றது. நோயைச் சரிவரக் கண்டோர், வரலாற்றை இயக்கும் மாந்தரைக் காணாதபோது இருளையே விதியாகக் கொள்வர்.

‘லெயின்’ இணையத்தை முன்னறிவித்தது என்ற புகழ்ச்சி அதன் பெருமையைக் குறைத்தே மதிப்பிடுகின்றது. மனிதர் தமக்கிடையிலான உறவைத் தாமே ஆளாது பொருள்களின் வலைக்கு ஒப்படைக்கும்போது, அவ்வலை கடவுளின் குரலிற் பேசத் தொடங்கும் என்பதை உணர்ச்சி நேர்மையுடன் அது காட்டியது. அரிசுவின் இதயத்துடிப்பை அறிந்த அக்கை, மறதியை அன்றி இன்னொரு கையைப் பற்றியிருப்பின் என்ன நேர்ந்திருக்கும் என்ற வினாவுக்கு அத்தொடரினுள் விடையில்லை. அவ்விடையைத் தேடும் பொறுப்பு, அதனைப் பார்த்து நெகிழ்ந்த நம்முடையது.