மிளகாய்க் காம்பில் உறைந்த மொழி

உறைமோர் தீர்ந்துபோனால் வத்திராயிருப்பில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். அங்கும் இல்லையென்றால், வெதுவெதுப்பான பாலில் நாலைந்து மிளகாய்க் காம்பைக் கிள்ளிப் போட்டு மூடிவைக்கத் தெரிந்த பாட்டிகள் உண்டு. பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்து ஊர். பாலின் குணம் தெரிந்த சீமை. குனு கீக்ஸ் இயங்குதளத்துக்கு பிக்யூஎன் நிரல்மொழியைப் பொதி கட்டியிருக்கும் நேர்த்தி, இந்த ஊர்க்காரருக்குச் சட்டென்று பிடிபடும்.

மார்ஷல் லோக்பாம் 2020-இல் வெளியிட்ட பிக்யூஎன்னில் சராசரி காண நாலே குறிகள் போதும்: +´÷≠. அதை அடைப்புக்குள் போட்டு 4‿8‿15 கொடுத்தால் 9 வந்து நிற்கும். அதன் அழகு பற்றி ரசிகர்களுக்குள் தகராறு இல்லை. தகராறு அடுக்களையில்தான்.

பிக்யூஎன்னின் கம்பைலரே பிக்யூஎன்னில் எழுதப்பட்டது. தயிர் உறையத் தயிர் வேண்டும். சி மொழியில் எழுதிய அதன் வடிவமான சிபிக்யூஎன்னை நிறுவும் பலர், அந்தக் கம்பைலரின் ஏற்கெனவே தயாரான பைட்கோடை இறக்கி வேலையை முடித்துவிடுகிறார்கள். யார் வீட்டு உறையோ!

கீக்ஸ்காரர்கள் பிடித்த மிளகாய்க் காம்பு, டிபிக்யூஎன். ஜாவாவில் எழுதிய பழைய பிக்யூஎன் அது. வேகம் குறைவு, ஆனால் தான் உருவாகத் தன்னையே கேட்காது. சரி, ஜாவாவுக்கு உறை? பழைய ஜைக்ஸ், ஜாம்விஎம் வழியாக ஓப்பன்ஜேடிகே வரை படிப்படியாக ஏற்றியிருக்கிறார்கள். அதற்கும் கீழே ஜிசிசி. எல்லாவற்றுக்கும் அடியில், 2023-இல் கீக்ஸ் அறிவித்தபடி, வெறும் 357 பைட்டு விதை. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட்டு. ஆக 119 குறிகள். இந்தப் பத்தியில் பாதிகூடத் தேறாது.

பிக்யூஎன்னின் விசேஷக் குறிகளைப் பார்த்து, அதன் உறவு மொழியான ஜேயின் ஆட்கள் சிரிப்பார்கள். 2011-இல் ஜிபிஎல் உரிமத்தில் மூலம் திறந்த ஜேவுக்குச் சாதாரண விசைப்பலகை போதும், விசேஷ எழுத்துரு வேண்டாம். டெபியன் இயங்குதளத்தில் அதே குடும்பத்து ஏ பிளஸ் மொழிக்கென்று எழுத்துருவையே தனிப் பொதியாகக் கட்டவேண்டியிருந்ததை நினைத்தால், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஜேவின் பொதியைத் திறந்து பார்த்து வியக்க ஒன்றுமில்லை. இட்லிக்குச் சட்னி போல, இருந்தது, சாப்பிட்டோம்.

மனசு கசப்பது வேறு கூட்டத்திடம். கன்டெய்னருக்குள் எல்லாவற்றையும் திணித்து, உள்ளே என்ன இருக்கிறதென்று கட்டியவருக்கே தெரியாமல் அனுப்புகிறார்கள். பாக்கெட் தயிர்! கென் தாம்சன் 1984-இல் வெளியான டூரிங் விருது உரையில் கம்பைலருக்குள்ளேயே களவு ஒளிந்திருக்கலாம் என்று எச்சரித்ததை இவர்களில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்?

காம்பு போட்டு முதலில் உறைவது கொஞ்சம் நீர்த்துத்தான் இருக்கும். பாட்டி அதை யாருக்கும் பரிமாறமாட்டாள். ஒரு கரண்டி எடுத்து அடுத்த பாலுக்கு உறை ஊற்றுவாள். கீக்ஸிலும் டிபிக்யூஎன்னால் பிறக்கும் முதல் சிபிக்யூஎன் தனிப் பொதியாக ஒதுங்கி நிற்கிறது. அதைக் கொண்டு இன்னொரு முறை கட்டியதுதான் பயனரின் கணினிக்குப் போகிறது.