இரண்டு தட்டுகளுக்கு நடுவே

நம் ஊரில் டிஜே என்றால் கல்யாண வரவேற்பில் கலர் லைட்டுக்குப் பின்னால் நின்று, கேட்ட பாட்டைப் போடுகிறவர். அதே எதிர்பார்ப்போடு சிகாகோ ஹவுஸ், டெட்ராய்ட் டெக்னோ என்ற நடன இசைகளைக் கேட்க உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் சலித்துவிடும். பல்லவி எப்போது வரும் என்று காது காத்திருக்கும், வராது. குரல் வந்தாலும் ஒரு சொல்லோடு போய்விடும். ஆறு நிமிடமாக ஒரே அடி. "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் பாட்டைத் தேடுகிறார்கள். இந்த இசையில் பாட்டு கச்சாப்பொருள். ஓர் இசைத்தட்டு இன்னொன்றுக்குள் நுழைகிற இடத்திலும், இதற்கு அடுத்து எது, இந்த நேரத்தில் எது என்ற முடிவிலும்தான் டிஜேயின் கை தெரியும். அது தெரிய ஆரம்பித்துவிட்டால் ஒரு டிஜே மூன்று மணி நேரம் தொடர்ந்து வாசிக்கும் செட்டும் போதாது என்று தோன்றும்.

முதல் வேலை, எண்ணுவது. ஹவுஸிலும் டெக்னோவிலும் கிக் டிரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 முதல் 140 தடவை சீராக விழுகிறது. நான்கு அடி சேர்ந்தால் ஒரு பார். பெரும்பாலும் எட்டு பாருக்கு ஒருமுறை, அதாவது 32 அடிக்கு ஒருமுறை, ஏதோ ஒன்று மாறும்: ஹை-ஹாட் சேரும், கைதட்டல் ஒலி நுழையும், பாஸ் விலகும். ஆதி தாளம் போடத் தெரிந்தவர்களுக்கு இது நாலு ஆவர்த்தனக் கணக்கு. தொடையில் தட்டிக்கொண்டே கேளுங்கள். கொஞ்ச நேரத்தில் மாற்றம் வருவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். நல்ல டிஜே அடுத்த தட்டை இந்த முனையில்தான் கொண்டுவருவார். பழைய தட்டில் ஒரு 32 அடிச் சுற்று முடிகிற அதே இடத்தில் புதியதில் ஒரு சுற்று தொடங்கும். இரண்டடி தள்ளி நுழைத்தால் வேகம் பொருந்தியிருந்தாலும் எங்கோ இடறுகிறது என்று உடம்புக்குத் தெரியும்.

அந்த வேகத்தைப் பொருத்துவது எப்படி என்று ஒருமுறை யாராவது செய்யும்போது அருகில் நின்று பாருங்கள். ஒரு தட்டு வெளியே ஒலிக்கிறது. இன்னொன்று ஹெட்போனில், ஒரு காதுக்கு மட்டும். இரண்டின் கிக்கும் இம்மி விலகினால் ஒற்றை அடி தடதடவென்று இரட்டை அடியாகிவிடும். டிஜே விரல் நுனியால் தட்டின் ஓரத்தை லேசாகத் தள்ளுவார், அல்லது உரசி நிறுத்திப்பிடிப்பார். பிறகு வேகத்தை மாற்றும் நீள விசையை ஒரு நூலளவு நகர்த்துவார். 1972-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிளின் 1979-இல் வந்த இரண்டாம் வடிவம் உலகெங்கும் டிஜேக்களின் கருவியானதற்குக் காரணம், தட்டைக் கையால் பிடித்து விட்டாலும் உடனே வேகம் எடுக்கிற அதன் மோட்டாரும், எட்டு சதவீதம் கூட்டவோ குறைக்கவோ விடும் அந்த விசையும்தான். அதற்கும் முன்பே, 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில், நியூயார்க்கில் ஒரு பழைய தேவாலயத்தில் இயங்கிய சாங்ச்சுவரி என்ற கிளப்பில் டிஜே ஃபிரான்சிஸ் கிராஸோ இப்படி வேகம் பொருத்துவதைச் செய்துகாட்டிவிட்டார். இன்றைய கருவிகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் வேகம் தானே பொருந்திவிடும். அதனால் கலை போய்விட்டது என்று சிலர் வருந்துகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேகம் பொருந்திய பிறகுதான் கேட்கவேண்டியது தொடங்குகிறது.

கேட்கவேண்டியது பாஸ், அதாவது கீழ் ஸ்தாயி ஒலி. மிக்ஸரில் ஒவ்வொரு தட்டுக்கும் கீழ், நடு, மேல் ஸ்தாயி ஒலிகளுக்குத் தனித்தனித் திருகுகள் உண்டு. இரண்டு தட்டுகளின் பாஸும் ஒன்றாக ஒலித்தால் எல்லாம் குழம்பிச் சேறாகும். ஆகவே புதிய தட்டு முதலில் பாஸ் இல்லாமல், சலசலக்கும் மேல் ஒலிகளோடு மட்டும் நுழையும். ஒரு நிமிடம், சில சமயம் இரண்டு நிமிடம் இரண்டும் சேர்ந்து ஓடும். அந்த 32-ஆம் அடி வரும்போது ஒரு கை பழைய பாஸை மூட, இன்னொரு கை புதியதைத் திறக்கும். மேலே எதுவுமே மாறாதது போல இருக்கும். கீழே தரை மாறியிருக்கும். ஆடுகிறவர்கள் ஏன் என்று தெரியாமலே வேறு மாதிரி ஆடத் தொடங்குவார்கள். ஒரு செட்டில் நான் மிகவும் ஆவலோடு காத்திருப்பது இந்தக் கைமாற்றத்துக்குத்தான். செல்போன் ஸ்பீக்கரில் இதைக் கேட்கவே முடியாது. அந்தச் சின்ன ஸ்பீக்கரிலிருந்து கீழ் ஸ்தாயி வெளியே வருவதில்லை. சுமாரான ஹெட்போனாவது வேண்டும். நண்பர் வீட்டில் பெரிய ஸ்பீக்கர் இருந்தால் அங்கே போய்விடுங்கள்.

பயிற்சிக்கு ஒரு பதிவைச் சொல்கிறேன். ஜெஃப் மில்ஸ், டோக்கியோவின் லிக்விட் ரூம், 1995 அக்டோபர் 28. அடுத்த ஆண்டு சிடியாக வந்தது. மில்ஸ் 1980-களில் டெட்ராய்ட் வானொலியில் 'தி விசார்ட்' என்ற பெயரில் தட்டு சுழற்றியவர். பிறகு மைக் பேங்க்ஸுடன் சேர்ந்து அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் குழுவைத் தொடங்கியவர். ஒரு மணி நேரத்துக்குச் சற்றே மேற்பட்ட அந்தப் பதிவில் முப்பதுக்கும் மேற்பட்ட தட்டுகள் வந்து போகின்றன. பல தட்டுகள் இரண்டு நிமிடம்கூட நிற்பதில்லை. சொரசொரப்பு அப்படியே இருக்கிறது: இணைப்பு சில இடங்களில் உரசுகிறது, கூட்டத்தின் கூச்சல் உள்ளே கேட்கிறது. வெட்டிச் சீராக்கியிருந்தால் இது இத்தனை ஆண்டு நின்றிருக்காது. நடுவே டெரிக் மே 1987-இல் வெளியிட்ட 'ஸ்ட்ரிங்ஸ் ஆஃப் லைஃப்' பியானோ வருகிறது. அதுவரை உலோகமும் தோலுமாக இடித்துக்கொண்டிருந்த செட்டில் திடீரென்று மனிதக் கை பட்ட ஸ்வரங்கள். அந்தப் பியானோவைத் தனியாக முன்பே பலமுறை கேட்டிருக்கலாம். அதற்கு முன்னால் மில்ஸ் என்னென்ன வைத்தார் என்பதால்தான் அங்கே அப்படி ஒலிக்கிறது. முதல் தடவை அந்த இடம் வரை கேளுங்கள். இரண்டாம் தடவை பியானோவை விட்டுவிட்டு, அது வருவதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தைக் கேளுங்கள்.

கைவேகம்தான் எல்லாம் என்று இதை வைத்து முடிவுகட்ட வேண்டாம். 1970-இல் நியூயார்க்கில் தன் வீட்டையே விருந்துக்கூடமாக்கிய டேவிட் மான்குசோ, பிற்காலத்தில் மிக்ஸ் செய்வதையே விட்டுவிட்டார். ஒவ்வொரு தட்டையும் முதலிலிருந்து கடைசிவரை ஓடவிடுவார். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே அமைதி. 'தி லாஃப்ட்' என்று பெயர்பெற்ற அந்த வீட்டுக்கு வந்து கேட்டவர்கள் வேறு கிளப்புகளைத் தொடங்கினார்கள், தாங்களும் டிஜேக்களானார்கள். அவர் செய்தது தேர்வும் வரிசையும் மட்டும். ஒலியின் தரத்துக்காகப் பணத்தைக் கொட்டினார். நியூயார்க்கின் பாரடைஸ் கராஜ் கிளப்பில் டிஜே லாரி லெவன் இரவு ஏற ஏற டர்ன்டேபிளின் ஊசி பொருந்திய கார்ட்ரிட்ஜை உயர்ந்த ரகத்துக்கு மாற்றுவாராம். கூட்டம் உச்சத்துக்கு வரும்போது ஒலியும் அன்றைய இரவின் மிகச் சிறந்த ஒலியாக இருக்கவேண்டும் என்பதற்காக.

இந்தத் தொழிலில் ஒருவர் எப்படி வளர்கிறார் என்று தெரிந்துகொண்டால் கேட்பது இன்னும் கூர்மையாகும். வெளியிலிருந்து பார்த்தால் விமானம், விழா மேடை, ஆயிரக்கணக்கில் கூட்டம் என்று தெரியும். அண்டர்கிரவுண்டில் பெயர் வாங்கியவர்களில் பலர் வளர்ந்தது ஒரே அறையில், வாரா வாரம், அதே கூட்டத்தின் முன்னால். இதை ரெசிடென்சி என்கிறார்கள்.

ஃபிராங்கி நக்கிள்ஸ் 1977-இல் நியூயார்க்கிலிருந்து சிகாகோ வந்தபோது அவருக்கு 22 வயது. தெற்கு ஜெஃபர்சன் தெருவில் 206-ஆம் எண் கட்டடத்தில் இயங்கிய வேர்ஹவுஸ் கிளப் முதலில் லாரி லெவனைத்தான் அழைத்தது. அவர் மறுத்ததால் நண்பர் நக்கிள்ஸுக்கு அந்த இடம் கிடைத்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். அவர்களில் பலர் தன்பாலீர்ப்பாளர்கள். நகரத்தின் மற்ற இடங்களில் அவர்களுக்கு இப்படி ஓர் இரவு கிடைக்கவில்லை. 1979 ஜூலை 12 அன்று அதே சிகாகோவின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோவை வெறுத்தவர்கள் அதன் தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். அமெரிக்க வானொலியும் கம்பெனிகளும் டிஸ்கோவைக் கைவிட்டன. புதுத் தட்டுகள் வருவது குறைந்தது. நக்கிள்ஸ் கையில் இருந்த பழைய பாட்டுகளைக் காந்த நாடாவில் ஏற்றி, வெட்டி ஒட்டி, ஆடுகிற பகுதியை நீட்டினார். பின்னர் டெரிக் மே விற்ற ரோலண்ட் டிஆர்-909 டிரம் மெஷினைத் தட்டுகளுக்கு அடியில் ஓடவிட்டார். ஹவுஸ் இசையின் நீளமும், திரும்பத் திரும்ப வரும் தன்மையும், கனமான அடியும் இப்படி வாரா வாரம் ஓர் அறையைத் தாங்கிப்பிடிக்கவேண்டிய கட்டாயத்தில் வந்தவை. "ஏன் ஒரே மாதிரி இருக்கிறது?" என்ற கேள்விக்கு இந்த வரலாற்றைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. உலகப் புகழ் பிறகுதான் அவரைத் தேடி வந்தது; 1998-இல் ரீமிக்ஸுக்கான முதல் கிராமி விருதும் அவருக்கே கிடைத்தது.

ரெசிடென்சி தருகிற பெரிய சொத்து நம்பிக்கை. அதே சிகாகோவில், மியூசிக் பாக்ஸ் கிளப்பில் ரான் ஹார்டி வாசித்தார். டிஜே பியரும் நண்பர்களும் ரோலண்ட் டிபி-303 என்ற சின்னக் கருவியை முறுக்கி எடுத்த விநோதமான ஒலியை ஒரு நாடாவில் பதிந்து அவரிடம் கொடுத்தார்கள். முதல் தடவை போட்டபோது ஆடுதளம் காலியானது. ஹார்டி அசரவில்லை. சற்றுப் பொறுத்து மறுபடி போட்டார். பிறகு மறுபடி. நான்காவது முறை கூட்டம் வெறிகொண்டு ஆடியது என்று பியர் சொல்லியிருக்கிறார். 1987-இல் 'ஆசிட் டிராக்ஸ்' என்று தட்டாக வந்தது அதுதான். வெளியூரிலிருந்து ஓர் இரவுக்கு வந்த டிஜே இதைச் செய்திருக்க முடியாது. தளம் காலியானதும் பயந்து பிரபலமான பாட்டுக்குத் தாவியிருப்பார். ஒரு செட்டில் கேட்டறியாத, முரட்டுத்தனமான ஒன்று வந்தால் அடுத்து என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். உடனே தெரிந்த பாட்டுக்கு ஓடுகிறாரா, அங்கேயே நிற்கிறாரா?

மற்ற படிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தட்டுக் கடை வேலை பலருக்குப் பள்ளிக்கூடம். பெர்லினில் 1989-இல் தொடங்கிய ஹார்ட் வாக்ஸ் கடையில் வேலை பார்த்தவர், ஆஸ்ட்குட் கிளப்பிலும், அது மூடிய பிறகு 2004-இல் ஒரு பழைய மின்நிலையத்தில் திறந்த பெர்கைனிலும் வாசித்தவர் மார்செல் டெட்மன். வாரந்தோறும் வந்திறங்கும் தட்டுகளில் எதை எடுப்பது, எதை ஒதுக்குவது என்பதே அங்கே அன்றாட வேலை. 2008-இல் வந்த அவருடைய 'பெர்கைன் 02' தொகுப்பில் அந்த ஒதுக்கத் தெரிந்த கறாரைக் கேட்கலாம். இன்னொரு படி, தட்டுகளை வெளியிடும் சொந்த லேபிள். டெட்ராய்ட்டின் டிஜே கே-ஹேண்ட் பாரடைஸ் கராஜுக்கு நேரில் போய்க் கேட்டு வளர்ந்தவர். யாராவது வாய்ப்புத் தருவார்கள் என்று காத்திருக்காமல் தன் தட்டுகளைத் தானே வெளியிட அகேஷியா லேபிளை நடத்தினார். 2017-இல் அந்த நகர மன்றம் அவரைக் கௌரவித்தது. தட்டு விற்பனையில் வரும் காசு சொற்பம். ஆனால் அந்தத் தட்டுதான் அடுத்த ஊரிலிருந்து அழைப்பைக் கொண்டுவருகிறது. வருமானம் பெரும்பாலும் அந்த அழைப்புகளில்தான்.

இரவின் முதல் இரண்டு மணி நேரத்தைத் திறந்துவைக்கிற டிஜேயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வார்ம்-அப் என்பார்கள். இதைவிடக் கடினமான, இதைவிடக் குறைவாகப் பாராட்டப்படுகிற வேலை இந்தத் துறையில் இல்லை என்பது என் உறுதியான கருத்து. அறை பாதி காலி. வந்தவர்கள் சுவரோரம் நிற்கிறார்கள். அடுத்து வரப்போகும் பெரிய பெயர் உச்சத்தைத் தொட இடம்விட்டு வைக்கவேண்டும். அதே சமயம் வந்தவர்களின் காலை அசைக்கவேண்டும். வேகம் 115, 118 என்று தவழும். குரல் இருந்தால் அடக்கமாக இருக்கும். கையில் பெரிய ஹிட் இருந்தும் எடுக்காமல் வைத்திருக்கிற கட்டுப்பாட்டைக் கேட்கப் பழகவேண்டும். பத்து மணிக்கே 135-இல் இடித்துத் தள்ளுகிற வார்ம்-அப்பைக் கேட்டால், அவருக்கு இன்னும் அறையைவிடத் தன்மேல்தான் கவனம் என்று புரிந்துகொள்ளலாம்.

ஒரு டிஜே உங்களுக்குப் பிடித்துப்போனால் அவருடைய மூன்று பதிவுகளைத் தேடுங்கள். ஒன்று பெரிய விழாவில் வாசித்தது. டெட்ராய்ட்டின் ஹார்ட் பிளாசாவில் 2000-ஆம் ஆண்டிலிருந்து மே மாத இறுதியில் நடந்துவரும் டெக்னோ விழா போன்ற மேடைகளில் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை மணி நேரம்தான் கிடைக்கும். எல்லோரும் பலமான தட்டுகளையே எடுப்பார்கள். இரண்டாவது, அவர் ரெசிடென்டாக இருக்கும் கிளப்பில் நாலு மணி நேரமோ அதற்கு மேலோ வாசித்தது. மூன்றாவது, இன்னொருவருக்கு முன்னால் வாசித்த வார்ம்-அப். முதல் பதிவில் திறமை தெரியும். ரசனை இரண்டாவதில் தெரியும். அங்கேதான் எதிர்பாராத பழைய தட்டும், ஓய்வு தரும் மெல்லிய பகுதியும் வரும். மூன்றும் நல்லதாக இருக்கிற ஆள் கிடைத்தால் விடாமல் தொடருங்கள். நீளமான பதிவைப் பார்த்து மலைத்து நடுவிலிருந்து ஒரு துண்டைக் கேட்கிற பழக்கம் மட்டும் வேண்டாம். தொடக்கத்திலிருந்து நாற்பது நிமிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.