கூடை சுமந்தவர் எங்கே?

வரலாற்றை எழுதுவது பேனா மட்டுமன்று; தூரிகையும் எழுதுகிறது. யார் கையில் தூரிகை இருக்கிறதோ, அவருக்கு ஏற்றபடி எழுதுகிறது.

1770இல் காப்டன் குக் ஆஸ்திரேலியக் கரையில் இறங்கிய காட்சியை 1902இல் தீட்டினார் பிலிப்ஸ் ஃபாக்ஸ். நடுவிலே குக், வெற்றி வீரனாக! மண்ணின் மைந்தரோ தொலைவிலே, சிற்றுருவங்களாக! அதே காட்சியை 2006இல் மறுபடி தீட்டினார் பழங்குடி வழிவந்த ஓவியர் டேனியல் பாய்டு. இப்போது குக்கின் ஒரு கண்ணிலே கறுப்புத் துணி, கடற்கொள்ளையன் கோலம்! நாடு கண்டவன் என்றது முன்னைய ஓவியம். வீடு புகுந்தவன் என்கிறது பின்னையது.

லோயர் கேம்பில் நாமும் ஒரு வெள்ளையரை மறுபடி தீட்டியிருக்கிறோம். ஆனால் எதிர்த் திசையிலே. மேற்கே ஓடிய பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பிய அணை 1895இல் முடிந்தது. அதனைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக்குக்கு 2013இல் இங்கே மணிமண்டபம் எழுந்தது. வீடுகளிலே அவர் படம். அவர் பெயரால் பொங்கல். நன்றி மறவாமை நம் பண்பு. அதனைக் குறை கூறோம். கொள்ளையனையும் கொடையாளனையும் ஒரே தட்டில் நிறுக்கவும் மாட்டோம்.

ஆயினும், நன்றி பக்தியாக முற்றிவிட்டால் படத்திலே பிறருக்கு இடமேது? சொந்தச் சொத்தை விற்று அவர் அணை கட்டினார் என்ற கதை ஊரெங்கும் உலவுகிறது. அணை எழுந்ததோ சென்னை மாகாண அரசின் பணத்திலே. அதாவது மக்களின் வரிப்பணத்திலே! சுண்ணாம்பும் சுர்க்கியும் குழைத்தவர், கல் சுமந்தவர், காட்டுக் காய்ச்சலிலே மாண்டவர்: இவர்களுள் ஒருவர் பெயரேனும் நம்முள் எத்தனை பேருக்குத் தெரியும்? அருகே பளியன்குடியிலே வாழும் பளியரின் முன்னோர் கண்ணுக்கு, அந்தக் காட்டிலே எழுந்த அணை எவ்வாறு தோன்றியிருக்கும்? கேட்டோமா நாம்?

நம் வகுப்பிலே ஒருநாள், அணை கட்டிய கதையை வரையச் சொன்னோம். அத்தனை தாள்களிலும் ஒரே மீசை! ஒரு தாளிலேனும் ஒரு கூடை இல்லை. குற்றம் குழந்தைகளுடையதா? அன்று, கற்பித்த நம்முடையது.

பென்னிகுயிக் படத்தைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டுவதில்லை. பக்கத்திலே இன்னோர் ஆணி அடிப்போம். அதிலே மாட்டக் கூடை சுமந்தவரின் படம் வேண்டும். அதனை வரையும் தூரிகை, பளியன்குடிப் பிள்ளையின் கையிலும் இருக்கட்டும்.