சிரிப்பும் தீர்ப்பும்

மேடைப் பேச்சுப் பள்ளிகளைப் பற்றி விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் கழகத் தலைவர் ஐயா கேட்டார்கள். மறுக்கும் பழக்கம் எனக்கில்லை. மறுத்தாலும் விடும் பழக்கம் அவர்களுக்கில்லை. பட்டிமண்டபம் சிலம்பில் வருகிறது, மேகலையில் வருகிறது, மணிவாசகரும் சொல்லியிருக்கிறார், கம்பன் அயோத்தியிலேயே ஒன்று கட்டினான் என்று தொடங்குவது மரபு. இம்மலரைக் கையில் எடுப்பவர்கள் அதையெல்லாம் ஆண்டுதோறும் வரவேற்புரையில் கேட்டவர்கள். ஆகவே நேரே பள்ளிகளுக்குப் போய்விடுகிறேன்.

காரைக்குடியைப் பட்டிமன்றத்தின் தாய்வீடு என்று சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன். 1939-இல் கம்பன் அடிப்பொடி சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கியபோது முதல் விழாவுக்குத் தலைமை தாங்கியவர் ரசிகமணி டி.கே.சி. அந்த இருவருக்குள்ளேயே இரண்டு பள்ளிகள் இருந்தன. டி.கே.சி. வட்டத்தொட்டி என்ற நெல்லை இலக்கிய வட்டத்துக்காரர். ஒரு பாட்டை எடுத்தால் அதை விட்டு இறங்க மனம் வராது. திரும்பத் திரும்பச் சொல்லி, எதிரே இருப்பவர் முகத்தில் அது தெரிந்த பிறகுதான் அடுத்த அடிக்குப் போவார். யார் சரி, யார் தவறு என்ற கேள்வி அவருக்கு இரண்டாம்பட்சம். சா. கணேசனோ நேரம், நிரல், தலைப்பு என்று ஒழுங்கிலேயே வாழ்ந்தவர். விழா காரைக்குடியில் நடந்து, பங்குனி அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதியில் நிறைவுறும் முறை இன்றும் மாறவில்லை என்றால், அது அந்த ஒழுங்கினால்தான். ரசனையைக் கொண்டுவந்து கடிகாரத்துக்கு முன்னால் உட்கார வைத்தார் அவர். அப்படி உட்கார வைத்ததில்தான் பட்டிமன்றமும் வழக்காடு மன்றமும் இன்றைய உருவத்துக்கு வந்தன.

நகை என்று பார்த்தால், டி.கே.சி.யின் நெல்லைப் பள்ளி வேறு மாதிரி. தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் எழுத்தைப் படித்தாலும் அது தெரியும். கல்லும் செம்பும் பேசுகிற கோயில் கட்டுரையில்கூட ஓரத்தில் ஒரு புன்னகை உட்கார்ந்திருக்கும். அங்கே யாரும் யாரையும் தோற்கடிப்பதில்லை.

தோற்கடித்தே தீர வேண்டிய வாதமும் நம்மிடம் நடந்திருக்கிறது. 1943-இல் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்தலாமா என்று அண்ணா ஒரு பக்கமும், சென்னைச் சட்டக் கல்லூரியில் ரா.பி. சேதுப்பிள்ளை, சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியார் என்று மறுபக்கமும் நின்று வாதிட்டார்கள். அங்கே பேசியவர்களுக்குத் தலைப்பு சீட்டுக் குலுக்கி வந்ததல்ல. இரு தரப்பும் நம்பியதைப் பேசின. கம்பனை எதிர்த்தவர்களும் அவனை முழுக்கப் படித்துவிட்டு வந்தார்கள். நம் பக்கத்து மூத்தவர்கள் சிலருக்கு இதைச் சொன்னால் பிடிக்காது. ஆனால் கம்பன் கழக மேடைகள் பாடம் கேட்டுக்கொண்டு கூர்மையானதற்கு அந்த எதிர்ப்பும் ஒரு காரணம். பிறகு பொதுவுடைமைக்காரரான ஜீவாவே கம்பனைப் பேசியபோது, இரண்டு முகாம்களும் ஒரே நேரத்தில் சங்கடப்பட்டன. அது ஒரு நல்ல சங்கடம்.

குன்றக்குடி அடிகளார் நடுவராக அமர்ந்தபின் தலைப்புகள் காப்பியத்திலிருந்து வீதிக்கு இறங்கின. இறங்கியதில் குறை சொல்ல மாட்டேன். அடிகளார் தீர்ப்புச் சொல்லும்போது குறளும் அப்பரும் ஊர்ப் பஞ்சாயத்துக் கிணறும் ஒரே வாக்கியத்தில் வரும். நீதிபதி மு.மு. இஸ்மாயில் வேறு வகை. 1979 முதல் 1981 வரை சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தவர், வாலிக்கும் இராமனுக்கும் இடையிலான வழக்கை நிலப் பிரச்சினையைப் போலவே சாட்சியம் சாட்சியமாக எடுத்துப் பார்ப்பார். மதுரைப் பள்ளி பேராசிரியர் சாலமன் பாப்பையாவால் வீட்டுக்கூடம் வரை வந்தது. தொலைக்காட்சியில் சிரித்தவர்கள், அவர் குறளுக்கு உரை எழுதியவர் என்பதையும் நினைவில் வைத்தால் நல்லது. 1980-இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய கம்பன் கழகத்தாரின் மேடையைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். அவர்களுக்குப் பாடம் மனப்பாடம். தாள் வைத்துக்கொள்வது வெட்கம்.

பள்ளியில் சேராத பெரியவர்கள் இருவர். வாரியார் சுவாமிகள் அனுமனைச் சொல்லின் செல்வன் என்று விரித்துக்கொண்டிருக்கையில் கூட்டத்தில் சிலர் எழுந்து நடந்தார்களாம்; நல்லது சொன்னால் செல்பவர்கள் இங்கேயும் உண்டு என்று அதே சொல்லில் முடித்தாராம். கி.வா.ஜ. போன கார் நின்றுபோய் மற்றவர்கள் தள்ள இறங்கினார்கள். அவரும் இறங்கியபோது வேண்டாமென்று தடுத்தார்கள். தன்னைத் தள்ளாதவன் என்று நினைத்துவிட்டீர்களா என்றாராம். இந்தக் கதைகள் எத்தனை வாய் மாறி நம்மிடம் வந்தன என்பது வேறு விஷயம். இரண்டிலும் நகை அந்த இடத்தில், அந்த நிமிடத்தில், கையில் இருந்த சொல்லில் பிறந்தது. ஊரிலிருந்து பையில் போட்டுக் கொண்டுவந்ததல்ல.

இதைத்தான் எங்கள் ஆசிரியர் வாழ்நாள் முழுதும் சொல்லிக்கொடுத்தார். பெயர் தேவையில்லை, கழகத்தின் பழைய புகைப்படங்களில் எப்போதும் ஓரத்தில் நிற்பவர், நடுவில் நிற்கச் சொன்னால் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று போய்விடுபவர். உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர். அவரிடம் மேடைக்குப் பழக வந்தவனுக்கு முதல் வேலை, கும்பகர்ணனுக்காகக் காலையில் பேசி, வீடணனுக்காக மாலையில் பேசுவது. காலையில் சொன்ன ஆதாரத்தை மாலையில் மறைத்தால் அன்று காப்பி கிடையாது. அண்ணன் தவறு செய்கிறான் என்று தெரிந்தும் அவனோடு சாகப் போகிறவன் ஒருவன், தெரிந்ததனாலேயே விலகுகிறவன் ஒருவன். இருவருக்காகவும் உண்மையாகப் பேசிப் பார்த்தவனுக்கு, அதன்பின் சொந்த வீட்டுப் பாகப்பிரிவினையில்கூடக் குரல் உயராது என்பார். என் அனுபவத்தில் உயர்ந்தது. ஆனால் சீக்கிரம் இறங்கியது.

நகைச்சுவைக்கு அவர் வைத்திருந்த சோதனை ஒன்றுதான். "இதைக் கைகேயியை விட்டுட்டு வேற ஆளுக்குச் சொல்ல முடியுமா? முடியும்னா அது துணுக்கு. பத்திரிகைக்கு அனுப்பு, அஞ்சு ரூபா குடுப்பான்." இதற்கு ஓர் உதாரணம் சொல்லியே ஆக வேண்டும். தேவகோட்டைப் பக்கம் ஒரு கோயில் திடலில் வழக்காடு மன்றம். குற்றவாளிக் கூண்டில் கைகேயி. எதிரே கொடுக்கல் வாங்கலில் பழம் தின்று கொட்டை போட்ட செட்டியார்கள். குற்றம் சாட்டியவர் அவளைக் கொடியவள், பேய், நஞ்சு என்று அடுக்கிவிட்டு உட்கார்ந்தார். எங்கள் ஆசிரியர் ஐயா எழுந்தார். சம்பரனோடு நடந்த போரில் தேரோட்டியவளுக்கு மன்னர் இரண்டு வரம் கொடுத்தார், சரி. என்ன வரம், எப்போது, எந்த அளவு? ஒன்றும் எழுதவில்லை. "தொகையும் போடாம, தேதியும் போடாம புரோநோட்டுல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்தவர் சக்கரவர்த்தி. கையெழுத்துப் போட்டவர் மேல வழக்கில்லை, வசூலுக்கு வந்தவ மேல வழக்கா?" திடல் குலுங்கியது. முன்வரிசையில் ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐயா சிரிக்கவில்லை. அடங்கும்வரை நின்றார். பிறகு தணிந்த குரலில், "வசூலான அன்னிக்கு அவ கையில என்ன இருந்துச்சு? புருஷன் இல்ல. யாருக்காகக் கேட்டாளோ அந்த மகன், அம்மான்னு கூப்பிடவே கூசுனான்" என்றார். அதற்குமேல் வாதமே செய்யவில்லை. நடுவர் கைகேயியைக் குற்றவாளி என்றுதான் தீர்த்தார். ஐயாவுக்கு அதில் வருத்தமே இல்லை. விடுவித்திருந்தால்தான் வருந்தியிருப்பேன் என்று திரும்பும் பேருந்தில் சொன்னார்.

சிரிப்பு, அதன் பின்னால் ஒரு மௌனம், அந்த மௌனத்தில் ஓர் உண்மை: நம் பள்ளியின் வரிசை இது. சிரிக்க வைத்த சொல்லே மௌனத்துக்கும் வழி திறக்க வேண்டும். புரோநோட்டு வந்ததால்தான் வசூல் வந்தது. வசூல் வந்ததால்தான் அந்தப் பெண்ணின் வெறுங்கை தெரிந்தது.

இன்றைய மேடையைப் பற்றிக் குறை சொல்வது என் நோக்கமன்று. இளைஞர்கள் பலர் நன்றாகப் பேசுகிறார்கள். குரல் வளம் இருக்கிறது, துணிவு இருக்கிறது. சிலரிடம் மட்டும், அதுவும் மிகச் சிலரிடம் மட்டும், சிறு குறை ஒன்றைக் காண்கிறேன். கைதட்டல் கேட்கிறார்கள். "கைதட்டினால் இரத்த ஓட்டத்துக்கு நல்லது" என்கிறார்கள். தட்டாதவர்களைப் பார்த்து, வீட்டில் சண்டையா என்கிறார்கள். கேட்டு வாங்குகிற கைதட்டலுக்குக் கணக்கு வேண்டுமே, அதனால் நிமிடத்துக்கு ஒரு துணுக்கு. துணுக்குக்கு எங்கே போவது? கைப்பேசிக்கு. காலையில் எனக்கு என் மைத்துனர் அனுப்பிய அதே துணுக்கை மாலையில் மேடையில் பொன்னாடை போர்த்திய ஒருவர் சொல்கிறார்; பக்கத்தில் மைத்துனரும் உட்கார்ந்து சிரிக்கிறார். துணுக்கு என்றால் மனைவிதான். மாமியார்கூட இப்போது குறைந்துவிட்டார். தலைப்பு மனித வாழ்வுக்கு வழிகாட்டுவது வள்ளுவனா கம்பனா என்று இருக்கும். பேச்சு முழுவதும் அவர் வீட்டுச் சமையலறை. அந்த அம்மையார் முன்வரிசையில் உட்கார்ந்து சிரிக்கவும் வேண்டும். நடுவே கீபோர்டு ஒன்று 'டொய்ங்' என்கிறது. கம்பன் பாட்டு என்றால் இரண்டடி; திரைப்பாட்டு என்றால் பல்லவி, சரணம் முழுக்க. பொன்னாடை போர்த்த அரை மணி, போர்த்தியவரைப் போர்த்த அரை மணி, அணிக்குப் பத்து நிமிடம், மறுப்புரைக்கு நேரமில்லை. மறுப்புரை இல்லாத பட்டிமன்றத்தில் எதிரணி சொன்னதை யாரும் காதில் வாங்க வேண்டியதில்லை. வாங்காதவர்களை வைத்து நடுவர் என்ன செய்வார்? இரண்டுமே வேண்டும் என்று தீர்ப்பளிக்கிறார். அன்பும் வேண்டும் பணமும் வேண்டும், கம்பனும் வேண்டும் வள்ளுவனும் வேண்டும், இட்லியும் வேண்டும் தோசையும் வேண்டும். அப்படித் தீர்ப்புக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை இன்று பெண் பார்க்கப் போய்விட்டு வந்து, இருதரப்பிலும் நியாயம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஊரில் நிலத் தகராறுகள் தீராமல் கிடப்பதற்கும், நகர்மன்றத்தில் யாரும் யார் பேச்சையும் முடிக்க விடாததற்கும், பிள்ளைகள் அம்மாவைப் பார்த்துப் பதில் சொல்லாமல் கைப்பேசியைப் பார்த்துச் சொல்வதற்கும் மூலம் அந்த மறுப்புரையைக் கைவிட்டதில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். சென்ற மாதம் ஒரு துக்க வீட்டில் இரங்கல் பேசியவர் பழக்கதோஷத்தில் நிறுத்தி, கைதட்டலுக்குக் காத்திருந்தார். இரண்டு பேர் தட்டவும் செய்தார்கள்.

இதில் யாரையும் நான் குறிப்பிடவில்லை என்பதைத் தலைவர் ஐயாவுக்காக இங்கே எழுதிவைக்கிறேன். நம் கழக மேடையில் இப்படி நடந்ததில்லை. நடந்த அந்த ஒருமுறையும் மின்தடையால் பேச்சாளர் கலங்கிப் போயிருந்தார்.

1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் செய்தபோது, நூறு பக்கத்திலிருந்து வந்த நூறு குறுக்கீடுகளையும் நினைவில் நிறுத்தினார். நம் பேச்சாளர்களிடம் அத்தனை கேட்கவில்லை. எதிரணித் தலைவர் கடைசியாகச் சொன்ன ஒன்றை மட்டும் நினைவில் வைத்துப் பதில் சொன்னால் போதும்.

ஆசிரியர் ஐயாவின் குறிப்பேடுகள் நம் நூலகத்தில் கண்ணாடி அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. பூச்சி மருந்து வைக்க வேண்டும். அடுத்த பங்குனி நிரலில் வழக்காடு மன்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முழுதாக ஒதுக்கி, மறுப்புரையைத் திரும்பச் சேர்த்து, பொன்னாடைகளைத் தீர்ப்புக்குப் பின்னால் வைக்குமாறு செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். செய்துவிடலாம் என்றார். பொன்னாடை வழங்கும் புரவலர்கள் அதுவரை உட்கார்ந்திருப்பார்களா என்பதுதான் பொருளாளரின் கவலை.